பரம்பரைச் சீனியும் பெரியப்பாவின் பெருவிரலும்

கேட்டிருந்தது: "அப்பாவுக்குச் சீனி, சித்தப்பாவுக்கு ஹார்ட் அட்டாக், எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே யூரிக் அசிட். எங்கள் பரம்பரை அலகுகளே பழுதா?"

நான் டொக்டர் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். இதற்கு எங்கள் பெரியப்பாவின் கால் பெருவிரலே பதில் சொல்லும்.

ஒரு ஞாயிறு ஆட்டு ஈரலும் பியருமாகச் சாப்பிட்டுப் படுத்தவர், இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் கத்தினார். விரல் ஜம்புக்காய் மாதிரிச் சிவந்து வீங்கியிருந்தது. சுளுக்கு என்று நினைத்துப் பெரியம்மா சித்தாலேப தைலம் கொண்டுவந்தார். கை படமுன்னமே "தொடாதை!" என்று ஒரு சத்தம். போர்வை உரசினாலும் தாங்கவில்லை. யூரிக் அசிட் கூடி வரும் கவுட் என்ற மூட்டு நோய் அது.

யூரிக் அமிலம் அனுசேபத்தில், அதாவது உடலின் இரசாயன வேலைகளில், மிஞ்சும் கழிவு. பெரும்பாலான பாலூட்டிகளிடம் அதை உடைக்க யூரிகேஸ் என்ற நொதியம் உண்டு. நம் குரங்கு முன்னோரிலேயே அதற்கான பரம்பரை அலகு கெட்டுவிட்டது. மிச்சத்தை வெளியே தள்ளும் ஏபிசிஜி2 என்ற புரதம் சில குடும்பங்களில் மந்தம். சரி, சிவந்து வீங்கும் அழற்சி எங்கே வருகிறது? அமிலம் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் தங்கும். அதை விழுங்கும் வெண்குருதிக் கலத்துக்குள் என்எல்ஆர்பி3 என்றொரு புரதம்தான் காவல்காரன். கிருமியே இல்லாமல் அவன் கூச்சல் போட, அழற்சியைத் தூண்டும் ஐஎல்-1பீட்டா என்ற புரதம் வெளியேறி விரல் வீங்குகிறது. இது தெரியவந்தது 2006இல். இரத்தக்குழாய்ச் சுவரில் தேங்கும் கொலஸ்ட்ரோல் படிகமும் அவனையே எழுப்புகிறது என்று 2010இல் காட்டினார்கள். உங்கள் சித்தப்பா வருவது இங்கேதான். உடலில் கொழுப்பு மிஞ்சினாலும் அவன் விழிப்பான்; அந்த ஐஎல்-1பீட்டா இன்சுலின் சுரக்கும் கலங்களையும் கெடுக்கும். உங்கள் அப்பாவின் சீனி வருவது இந்த வழியில்.

முதுமையிலும் இவனுக்குப் பங்குண்டு. என்எல்ஆர்பி3 நீக்கிய எலிகள் வயதான பிறகும் சீனிக் கட்டுப்பாட்டிலும் நினைவாற்றலிலும் மேலாக இருந்ததை 2013இல் பார்த்தார்கள். அப்படியானால் அவன் வாயைக் கட்டிவிடலாமே? 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரில் ஐஎல்-1பீட்டாவை மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரோல் குறையாமலே மாரடைப்பு குறைந்தது. ஆனால் உயிர்போகும் தொற்றுகள் கூடின. கள்ளன் வரும்போது கத்தவும் அவன் வேண்டுமே.

ஆகவே பழுது என்று சொல்லமாட்டேன். காவல்காரன் எல்லா வீட்டிலும் இருக்கிறான். உங்கள் வீட்டில் அவனை எழுப்பும் கழிவு கொஞ்சம் சீக்கிரம் சேர்கிறது போல. யூரிக் அசிட்டோடு சீனி, கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டுகளையும் சேர்த்தே டொக்டரிடம் காட்டுங்கள்.

பெரியப்பா இப்போது தினமும் யூரிக் அசிட்டைக் குறைக்கும் அலோபியூரினோல் மாத்திரை போடுகிறார். ஈரலை விட்டுவிட்டார். பியரைப் பற்றிப் பெரியம்மாவிடம்தான் கேட்கவேண்டும்.