பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பாய்லர் போன்ற அழுத்தக் கலன்களைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதுமாம். இந்தியாவில் மட்டும் ஏன் ஆண்டுதோறும் பாய்லரை நிறுத்தச் சொல்கிறார்கள்? நம் விதிகள் காலாவதியானவையா?

நீங்கள் ஏதோ ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆண்டுச் சோதனைக்காகப் பாய்லரை மூன்று நாள் நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருப்பீர்கள். "ஜெர்மனியில் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதானே உள்ளே பார்க்கிறார்கள்?" என்று மேலே இருப்பவர் கேட்டிருப்பார். இதே கேள்வியை என்னிடம் மூன்று முதலாளிகள் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பொறியாளர் அல்ல. ஐ.டி.ஐ. ஃபிட்டர். முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு பாய்லர் அட்டெண்டென்ட் சான்றிதழ் வாங்கியவன். திருப்பூர் சாயப்பட்டறைகளில் ஒன்பது ஆண்டுகள், சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒன்பது ஆண்டுகள், இப்போது பெருந்துறையில். சட்ட நுணுக்கத்தில் எங்காவது தவறியிருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

முதலில் மாதக் கணக்கை முடித்துவிடுகிறேன். ஜெர்மனியில் நீராவிப் பாய்லருக்கு வெளிப்புறச் சோதனை ஓராண்டு, உட்புறம் மூன்றாண்டு, வலிமைச் சோதனை ஒன்பதாண்டு. மற்ற அழுத்தக் கலன்களுக்கு 2, 5, 10. இவை உச்ச வரம்புகள். அதற்குள் கலனின் நிலையைப் பொறுத்துக் குறையலாம். பிரிட்டனில் 1961ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி பாய்லருக்கு 14 மாதம், அழுத்திய காற்றைச் சேமிக்கும் ஏர் டேங்குக்கு 26 மாதம் என்று இருந்தது. இப்போது நடப்பில் இருக்கும் 2000ஆம் ஆண்டு விதிகளில் மாதக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு கலனுக்கும் எதை, எப்படி, எப்போது பார்க்க வேண்டும் என்று எழுத்தில் ஒரு சோதனைத் திட்டம் இருக்க வேண்டும். அது இல்லாமல் இயக்கக் கூடாது. மலேசியாவில் தகுதிச் சான்றிதழ் 15 மாதம் செல்லும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. சிங்கப்பூரில் பாய்லருக்கு 12, ஏர் டேங்குக்கு 24. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி. நமக்குப் பாய்லர் சான்றிதழ் பொதுவாக 12 மாதம். ஆகவே ஜெர்மனியைப் பற்றி உங்கள் கணக்கு சரிதான்.

ஆனால் நீங்கள் பார்ப்பது பாய்லரை மட்டும். இந்தியாவில் நீராவி உண்டாக்கும் கலனுக்கு ஒரு சட்டம், மற்ற அழுத்தக் கலன்களுக்கு வேறு சட்டம். பாய்லர் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு ஆய்வாளரிடம் போயிற்று. ஏர் டேங்க் போன்றவை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 31ஆம் பிரிவின் கீழ், 'தகுதி பெற்ற நபர்' என்று அங்கீகரிக்கப்பட்ட தனியாரிடம் போயின. நான் சொல்லப்போகும் காலத்தில் அதுதான் நடைமுறை. இந்த இரண்டும் ஒரே ஆலைக்குள் எப்படி நடந்தன என்பதைச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

எங்கள் சாயப்பட்டறையில் மணிக்கு மூன்று டன் நீராவி தரும் விறகு பாய்லர். வேலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ. ஆண்டுச் சோதனை வருகிறதென்றால் வீட்டில் கல்யாணம் மாதிரி இருக்கும். இரண்டு நாள் முன்பே நெருப்பை அணைத்துக் குளிரவிட்டு, தண்ணீரை வடித்து, ஆள் நுழையும் மேன்ஹோலையும், சேறு எடுக்கும் மட்ஹோலையும் திறப்போம். டியூப் ஒவ்வொன்றிலும் பிரஷ் விட்டு இழுப்போம். திருப்பூர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னருக்கு ஒரு வேளை உப்புப் போடத் தவறினாலும் டியூப்பின் மேல் சுண்ணாம்பு போல் ஸ்கேல் படிந்துவிடும். சேஃப்டி வால்வு, ஸ்டாப் வால்வு, ஃபீட் செக் வால்வு, கேஜ் கிளாஸ் எல்லாவற்றையும் கழற்றி, கிரைண்ட் செய்து, வரிசையாகச் சாக்கின் மேல் வைப்போம். ஆய்வாளர் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் சிறு சுத்தியலோடு ஃபர்னஸுக்குள் நுழைந்து தட்டித் தட்டிச் சத்தம் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வரும்போது முகமெல்லாம் கரி. "இந்த மூலையில் ஸ்கேல் அப்படியே இருக்கிறது, தம்பி. சுத்தம் செய்துவிட்டுக் கூப்பிடு" என்று சொல்லிப் போய்விட்டார். முதலாளி எவ்வளவோ பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. மறுநாள் சுத்தம் செய்த பிறகுதான் தண்ணீர் அழுத்தச் சோதனை, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு. அதன் பிறகு நெருப்பு மூட்டி, அழுத்தம் மிஞ்சும்போது சேஃப்டி வால்வு தானாகத் திறப்பதை அவர் கண் முன்னால் காட்ட வேண்டும்.

அரசு அதிகாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று இதற்குக் கீழே எழுதுவார்கள். எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தவரைச் சொல்கிறேன்.

அதே பட்டறையின் பின்பக்கம், தகரக் கொட்டகையில் ஆயிரம் லிட்டர் ஏர் டேங்க் ஒன்று நின்றது. அழுத்தம் ஏழு பார். சட்டப்படி அதற்கு விதி பாய்லரைவிடக் கடுமை: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிப்புறம், ஆண்டுக்கு ஒருமுறை உட்புறம். அதைப் பார்க்க வந்தவர் அலுவலக அறையைத் தாண்டியதில்லை. டீ வரும். பழைய அறிக்கையை வாங்கிப் புதிய படிவத்தில் எண்களை எழுதுவார், முத்திரை போடுவார், போய்விடுவார். அந்த அறிக்கைகளைப் பின்னாளில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளும் தகட்டின் தடிமன் எட்டு மில்லிமீட்டர். ஒரு புள்ளிகூடத் தேயவில்லை. மழையிலும் ஈரத்திலும் நிற்கிற இரும்பு அப்படி இருக்குமா?

அந்த டேங்கின் அடியில் வடிகால் வால்வு அடைத்துப் போயிருந்தது. அழுத்தப்பட்ட காற்றிலிருந்து ஈரம் பிரிந்து அடியில் தேங்கும். அதைத் தினமும் வடிக்காவிட்டால் அடித்தகடு உள்ளிருந்தே அரிக்கும். வெல்டிங்கை ஒட்டித் துருநீர் கசிவதை நான் பார்த்தேன். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் இருக்கிறது தம்பி, நீ உன் பாய்லரைப் பார்" என்றார். நானும் என் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டேன். இதை எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது.

ஐப்பசி மாதம், இரவு ஷிஃப்ட். நான் பாய்லர் அறையில் இருந்தேன். இடி விழுந்தது என்றுதான் நினைத்தேன். டேங்கின் அடித்தகடு வெல்டிங்கோடு கிழிந்து, டேங்க் மேலே எழும்பிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் சைக்கிள் நிறுத்துமிடத்தில் விழுந்து கிடந்தது. கம்ப்ரசர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் அந்த நேரம் தண்ணீர் குடிக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். உயிர் தப்பியது. இடது காது போனது போனதுதான். கிழிந்த தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பு தகர டப்பா மாதிரி இருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய அறிக்கையில் 'உள்ளும் புறமும் பார்க்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டவரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரிட்டன் மாதிரி சோதனையைத் தனியாரிடம் விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த முறை இங்கே ஏற்கெனவே இருந்தது. எங்கள் ஏர் டேங்குக்கு இருந்தது அதுதான். அங்கே அந்த முறை நிற்பதற்குக் காரணம் வேறு. 1854இல் மான்செஸ்டரில் நீராவி பயன்படுத்தும் ஆலைக்காரர்களே சங்கம் கூடிச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் 1865இல் மன்ஹைமில் ஒரு பீர் ஆலையின் பாய்லர் வெடித்த பிறகு, மறு ஆண்டே முதலாளிகள் தாங்களாகச் சோதனைச் சங்கம் அமைத்தார்கள். இன்று எல்லாருக்கும் தெரிந்த 'டூஃப்' (TÜV) என்ற சோதனை அமைப்பு அதன் வழியில் வந்ததுதான். பிரிட்டனில் இன்றும் சோதிக்க வருபவர் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர். டேங்க் வெடித்தால் பணம் போவது அவர் நிறுவனத்துக்கு. இங்கே 1863இல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்துப் பலர் இறந்தபோது சங்கம் எதுவும் வரவில்லை. அரசாங்கம் 1864இல் வங்காளத்துக்குச் சட்டம் போட்டது. பிறகு மாகாணத்துக்கு ஒன்றாகப் பெருகியதை ஒன்றாக்கியதுதான் 1923ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்காவிலும் 1905இல் பிராக்டன் காலணித் தொழிற்சாலையில் 58 பேர் செத்த பிறகுதான் பாய்லர் விதிகளை ஒழுங்காக எழுத ஆரம்பித்தார்கள்.

சிங்கப்பூர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அங்கேயும் சோதிப்பவர் தனியார். அங்கேயும் கூலி கொடுப்பது ஆலைதான். இடைவெளி நம்முடையதைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் ஒவ்வொரு ஏர் டேங்கும் மனிதவள அமைச்சில் பதிவு செய்யப்பட்டு ஓர் எண்ணோடு இருக்கும். அறிக்கை நேராக அமைச்சுக்குப் போகும். ஒரு நாள் சீனர் ஒருவர் வந்தார். அழுத்தத்தை முழுவதும் இறக்கச் சொன்னார், சோதனைத் துளையைத் திறக்கச் சொன்னார், விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார், தடிமன் அளக்கும் கருவியை அடித்தகட்டில் பத்து இடத்தில் வைத்தார். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அன்று பிற்பகலே அந்த டேங்க் நின்றது. மேலாளர் வாதிட்டார். "கையெழுத்து என்னுடையது" என்று மட்டும் சொன்னார் அவர். எனக்கு அந்த அண்ணனின் காது நினைவுக்கு வந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நம் ஊரில் பாய்லருக்குப் பதிவெண் உண்டு, உடம்பிலேயே பொறித்திருக்கும். அது எங்கே இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும். ஏர் டேங்குக்கு எங்கள் ஆலையில் அப்படி எதுவும் இருக்கவில்லை. பிரிட்டன் விதியில் அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினால் 250 பார்-லிட்டருக்கு மேல் வரும் கலனுக்குச் சோதனைத் திட்டம் வேண்டும். எங்கள் டேங்க் 7,000.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 25 லிட்டருக்குக் குறைவான பாய்லர் நம் சட்டத்துக்குள் வராது. அந்த வரம்புக்குள் அடங்கும்படியே சுருள் குழாய் வைத்துச் செய்து, 'ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறைகள்) தேவையில்லை' என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். பனியன் கம்பெனி அயர்ன் டேபிள்களுக்குப் பக்கத்தில், பெண்கள் உட்கார்ந்து மடிக்கும் இடத்தில், அது ஓடிக்கொண்டிருக்கும். துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்துக்கு எண்ணெயை 250 டிகிரிக்குச் சூடாக்கும் ஹீட்டரும் நீராவி உண்டாக்காததால் பாய்லர் அல்ல. ஆண்டுச் சோதனை தேவையா என்று கேட்பவர்கள் இதையும் ஒருமுறை கேட்க வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். இன்று விறகு போடும் பையன்கள் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். ஒப்பந்தக் கூலி. நான் பார்த்த பாய்லர் அறைகளில் எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் இருக்கும். எங்களுக்கே அது அந்நிய மொழி. அந்தப் பையனுக்கு என்ன புரியும்? தண்ணீர் மட்டம் இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டித்தான் கற்றுக்கொடுக்கிறேன். மார்ச் 4 பாதுகாப்பு நாளன்று உறுதிமொழி வாசிக்கிறார்கள், மேடையில் பரிசு கொடுக்கிறார்கள். அந்தப் பையன்களை அந்த நேரத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை, நெருப்பை விட்டு வர முடியாது என்பார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

2025இல் புதிய பாய்லர்கள் சட்டம் வந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். வந்தது. ஏழு குற்றங்களில் உயிருக்கும் உடைமைக்கும் கேடு விளைவிக்கும் நான்குக்கு மட்டும் குற்றவியல் தண்டனையை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அபராதத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். தனியார் சோதனையாளர்களைப் பாய்லருக்கும் அனுமதிக்கும் வழி 2007 திருத்தத்திலேயே வந்துவிட்டது. நான் அதை எதிர்க்கவில்லை. சிங்கப்பூரில் நல்ல தனியார் சோதனையாளரைப் பார்த்தவன் நான். பதிவும் அறிக்கையும் அரசின் கண்ணில் படாமல், தவறான கையெழுத்துக்கு விலை வைக்காமல், இடைவெளியை மட்டும் நீட்டினால் எங்கள் ஏர் டேங்கின் கதைதான் பாய்லருக்கும். ஏர் டேங்க் கூரையைத்தான் பிய்த்தது. பாய்லர் வெடித்தால் கட்டடமே நிற்காது.

உங்கள் மேலாளரிடம் ஜெர்மன் விதியைப் பற்றிப் பேசும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலை கம்ப்ரசர் அறைக்குப் போங்கள். டேங்கின் அடியில் இருக்கும் வடிகால் வால்வை மெல்லத் திறந்து பாருங்கள். திறக்க வரவில்லை என்றாலோ, செந்நிறத்தில் தண்ணீர் வந்தாலோ, கடந்த நான்கு அறிக்கைகளையும் எடுத்துத் தடிமன் எண்களை ஒப்பிட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். நான் பதில் சொல்கிறேன்.