பின்தெரு நீலமாகத் தெரிந்தால் பின்கட்டை விற்கலாமா?

கேள்வி: செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு, முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறது. ஊரைப் புதுப்பிக்கத் திட்டம் போடும் ஆலோசகர் ஒருவர் கணினித் தெருப்படத்தைக் காட்டி, "பின்தெரு நீலம், செத்த தெரு. பின்கட்டை விற்றுவிடுங்கள், ஆள் இருக்கிறது" என்கிறார். பங்காளிகளும் தயார். நம்பலாமா?

பதில்: அந்தப் படத்தை நம்பி விற்காதீர்கள்.

லண்டனில் பில் ஹில்லியர் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 1970களில் உருவாக்கிய 'ஸ்பேஸ் சின்டாக்ஸ்' என்ற முறை அது. மற்ற தெருக்களிலிருந்து ஒரு தெருவுக்கு எத்தனை திருப்பத்தில் வரலாம் என்று பார்க்கும். குறைவு என்றால் சிவப்பு, அதிகம் என்றால் நீலம், அவ்வளவுதான். நிறம் ஒப்பீடுதான் என்பதால் எந்த ஊரைப் போட்டாலும் ஏதோ ஒரு தெரு நீலமாகத்தான் வரும். செட்டிநாட்டில் தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக ஓடுகின்றன. முன்தெருவுக்கும் பின்தெருவுக்கும் பெரிய வித்தியாசம் வரக் கூடாது. வந்தால் படத்தை ஊர் எல்லையில் வெட்டியிருப்பார்கள். ஓரத்துத் தெருக்கள் தானாக நீலமாகிவிடும். முகப்பு, முற்றம் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒரே நேராக இருக்கும் உங்கள் வீடே இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரு வழி. தெருவை மட்டும் வரைந்த படத்தில் அது இருக்காது.

என் பயம் வேறு. பின்கட்டு கேட்டு வருகிற எல்லோரும் மனைக்காக வருவதில்லை. தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கழற்றிப் பழம்பொருள் கடையில் விற்க வருபவர்கள் உண்டு. ஒப்பந்தத்தில் "மரச்சாமான்கள் உட்பட" என்று ஒரு வரி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆலோசகருக்கு யார் கமிஷன் தருகிறார் என்றும் நேராகக் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பின்கட்டு தனியாக ஒதுக்கப்பட்டு, சர்வேயில் தனி உட்பிரிவு எண்ணும் பின்தெருவில் தனி வாசலும் இருந்தால் விற்கலாம். அப்போதும் வளவு முற்றத்து மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். பின்பக்கம் என்றால், வாங்கியவர் சுவர் எழுப்பிய முதல் ஐப்பசியிலேயே முற்றம் குளமாகும். வடிகால் உரிமையைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. ஏறி என்ன? அந்தப் பட்டியல் ஒரு தூணைக்கூடக் காப்பாற்றாது. சர்வே படத்திலும் மனையின் எல்லைதான் இருக்கும்; எந்த வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: வீட்டு வழியையும் ஒரு கோடாகச் சேர்த்து, பக்கத்து ஊர்ச் சாலைகள் வரை நீட்டி, படத்தை மறுபடி போட ஆலோசகரிடம் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணத்தைத் தொடாதீர்கள்.