கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து ஓராண்டான பின் காது மந்தமாவது ஏன்?

மூக்கின் பின்புறத் தொண்டையில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்து ஓராண்டான அப்பாவுக்கு இப்போது காது மந்தமாகிறது, இது அழுக்கா, சிகிச்சையின் விளைவா என்று கேட்டிருக்கிறீர்கள். அழுக்கு என்று முடிவுகட்டி, தயவுசெய்து காதில் எண்ணெய் விட்டுவிடாதீர்கள்.

நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் கதிர்வீச்சால் வீங்கிச் சரிவர இயங்காதபோது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் காது அடைத்ததுபோல் இருக்கும். இதற்குச் சிகிச்சை உண்டு. ஆயினும் நீரை வடிக்கச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தினால், கதிர்வீச்சு பட்ட காதில் சீழ் விடாமல் வடியும் அபாயம் இருப்பதால், மருத்துவர் தயங்கினால் அதில் நியாயம் உண்டு.

கவலைக்குரியது உட்செவியில் ஒலியை உணரும் உறுப்பான நத்தைச்சுருளின் பாதிப்புதான். அதன்மேல் பட்ட சராசரி கதிரளவு 45 கிரேயை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டியிருந்தாலோ, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் ஏற்றப்பட்டிருந்தாலோ இதற்கான வாய்ப்பு கூடுகிறது. மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும், அழிந்த உணர்வணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்டதுமான உயர்சுருதி ஒலிகளே முதலில் மங்குவதால், பேசுவது காதில் விழும், ஆனால் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் நழுவிவிடும்; 'பசிக்குதா' என்று கேட்டால் 'என்ன?' என்பார்.

ஒலி காற்றுவழியாகவும் எலும்புவழியாகவும் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். உட்செவிப் பாதிப்பானால், காது கேட்கும் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள்.