நெஞ்சைத் திறக்கும் காலம் முடிந்துவிட்டதா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. கமம் செய்பவர், நீண்டகால நீரிழிவு நோயாளி. இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மூன்று முடியுரு நாடிகளிலும் அடைப்பு இருப்பதாக அஞ்சியோகிராமில் தெரிந்ததால், பைபாஸ் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்கிறார்கள். கனடாவிலுள்ள சித்தப்பாவோ, இனி எல்லாம் ஸ்டென்ற் (நாடியை உள்ளிருந்து விரித்துவைக்கும் சிறு வலைக்குழாய்) தான், இன்னும் பத்து வருடத்தில் இதய சத்திரசிகிச்சையே இராது என்கிறார். என்ன செய்வது?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: சித்தப்பா சொல்வதில் ஒரு பகுதி உண்மை. 1977இல் சூரிச் நகரில் அண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முடியுரு நாடியைப் பலூனால் விரித்ததிலிருந்து, முன்பு சத்திரசிகிச்சைக்குச் சென்றிருக்கக்கூடிய பலர் குழாய்வழிச் சிகிச்சையுடனேயே வீடு திரும்புகின்றனர். 2002இல் பிரான்சில் அலன் கிறிபியே நெஞ்சைத் திறக்காமலே பெருநாடி வால்வொன்றைப் பொருத்தினார். மாரடைப்பு வந்த வேளையில், உரிய நேரத்தில் கிடைக்குமானால், ஸ்டென்ற்றுக்கு நிகரில்லை.

ஆனால் உங்கள் தந்தையின் நிலை வேறு. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் மூடினால் அதை வெட்டிவிடலாம். நெடுகிலும் கரை சரிந்துகொண்டிருந்தால், பழுதான பகுதியைச் சுற்றி வேறு வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவதே புத்தி. நீரிழிவு நாடியை நெடுகிலும் பழுதாக்குகிறது. ஸ்டென்ற் தான் நிற்கும் இடத்தை மட்டுமே காக்கும். பைபாஸிலோ, நெஞ்செலும்பின் உட்புறமாக ஓடும் இரண்டு மில்லிமீற்றர் அளவான நாடியைப் பிரித்தெடுத்து, தலைமயிர் போன்ற நூலால் அடைப்புக்கு அப்பால் தைத்துவிடுகிறார்கள். நாளை தைத்த இடத்துக்கு மேலே புதிய அடைப்பு வந்தாலும் இதயத்தசைக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். இத்தகைய 1,900 நீரிழிவு நோயாளரை ஆராய்ந்து 2012இல் வெளியான ஃபிரீடம் ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் ஸ்டென்ற் வைத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேரும், பைபாஸ் செய்தவர்களில் 11 பேரும் இறந்திருந்தனர். பாரிசவாதம் மட்டும் பைபாஸ் செய்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

சத்திரசிகிச்சை அழியாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். எண்ணிக்கை குறைந்து, சிக்கலான நோயாளரே அதற்கு வந்துசேர்வார்கள்.

அஞ்சியோகிராம் பதிவை இருதயநோய் நிபுணரும் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். சிறுநீரகம், நுரையீரல் முதலியவை சத்திரசிகிச்சையைத் தாங்குமா என்பதையும் அவர்களே சொல்லவேண்டும். நெஞ்செலும்பு நன்கு பொருந்த ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். அதுவரை தந்தை மண்வெட்டி பிடிக்கவோ நெல்மூட்டை தூக்கவோ கூடாது. காலபோக விதைப்பை இப்போதே வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். விதைப்பு முடியட்டும் என்று சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.