ஐசி மாற்றினால் குரல் மாறுமா?

வணக்கம் ஐயா,

என் ப்ரீஆம்பில் (பவர் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வரும் பகுதி) ஒலிச் சிக்னலைப் பெருக்கிக்கொண்டிருந்த 5532 என்ற ஐசியைக் கழற்றிவிட்டு எல்எம்4562 போட்டேன். பாடகருக்கும் எனக்கும் நடுவே தொங்கிய திரையை விலக்கியதுபோல் இருக்கிறது. ஸ்லூ ரேட், அதாவது வெளியீட்டு வோல்ட்டேஜ் மாறக்கூடிய வேகம், 9இலிருந்து 20 ஆனதுதான் காரணமா? மனைவி ஒரு வித்தியாசமும் இல்லை என்கிறார். அவருக்கு இசைக் காது கிடையாது. அடுத்து ஓபிஏ2134 வாங்கலாமா? 100 மணி நேரம் ஓடினால் ஒலி இன்னும் கனியும் என்கிறார்களே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது பழைய ஐசிகள் போட்டுவைத்த டப்பா ஒன்று கையில் சிக்கியது. அதிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன், உங்கள் கடிதமும் வந்தது.

100 மணி நேரக் கதையை விடுங்கள். கனிவதற்கு அது மாம்பழமில்லை.

ஸ்லூ ரேட்டுக்கு வருவோம். வெளியீடு 2 வோல்ட், அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தாலும், மைக்ரோ செகண்டுக்குச் சுமார் 0.36 வோல்ட் வேகம் போதும். 5532 தருவது 9. தேவையைப் போல் 25 மடங்கு! அதை 20 ஆக்கி என்ன கண்டீர்கள்? 1979இல் வந்த ஐசி என்று அதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். நீங்கள் உருகிக் கேட்கிற பாட்டு, ஒலிப்பதிவுக்கூடத்து மிக்சரிலேயே வரிசையாகப் பல 5532களைத் தாண்டி வந்திருக்கலாம். கடைசியாக உங்கள் வீட்டில் இருக்கிற ஒன்றுதான் திரை போட்டதா?

வித்தியாசமே வராது என்று சொல்லவில்லை. டிஎல்072 என்ற ஐசி இருந்த இடத்தில் 5532ஐச் செருகினால் வால்யூமைத் திருப்பும்போது கரகரக்கலாம். உள்ளீட்டில் இழுக்கும் மின்னோட்டம் பிக்கோ ஆம்பியரிலிருந்து நானோ ஆம்பியருக்குப் போய்விடுகிறது, அதனால்தான். உங்கள் 4562 இன்னும் துடிப்பான ஆள், 55 மெகாஹெர்ட்ஸ் வரை பாயும். பவர் கால்களுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இல்லாவிட்டால், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாட ஆரம்பித்துவிடலாம். ஐசியைத் தொட்டுப் பாருங்கள். வழக்கத்தை மீறிச் சுட்டால் சந்தேகப்படுங்கள். இவையெல்லாம் சர்க்யூட்டின் கோளாறுகள். ஐசியின் குரல் என்று இதைச் சொல்ல முடியாது.

உங்கள் திரை எப்படி விலகியது? செட்டை அணைத்தீர்கள், மூடியைக் கழற்றினீர்கள், ஐசியை மாற்றினீர்கள், மறுபடி போட்டு வால்யூமைக் கையால் திருப்பினீர்கள். குறைந்தது பத்து நிமிஷம். ஒலியின் நுணுக்கம் மனதில் சில நொடிக்கு மேல் தங்காது. வால்யூம் அரை டெசிபெல் கூடியிருந்தால் அது சத்தமாகத் தெரியாது, தெளிவாகத்தான் தெரியும். ஒலி எத்தனை மடங்கு பெருக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் அதேதான் என்பதால் ஐசி அளவை மாற்றியிருக்காது, உங்கள் விரல் மாற்றியிருக்கலாம். அதோடு காசு கொடுத்தவர் நீங்கள். உங்கள் மனைவிக்கு அந்தச் செலவில் பெருமையும் இல்லை, உறுத்தலும் இல்லை. அந்த வீட்டில் ஒழுங்காகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்கா இசைக் காது இல்லை? முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

இவ்வளவு திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்றால், டப்பாவில் கிடைத்த அந்த 4558தான். என் பழைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டு, அந்த நாளில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு ஐசியைப் போட்டேன். அன்றிரவு சிடியில் ஒரு வயலின் கச்சேரி கேட்டேன். வில் நரம்பைத் தொடுவதே தனியாகக் கேட்டது, கண் கலங்கிவிட்டது. ஒரு நண்பரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாம், காற்றே வேறு மாதிரி இருக்கிறது" என்றார்.

ஒரு மாதம் கழித்து இசைத்தட்டு சுழற்றிக்குப் புது பெல்ட் கிடைத்தது. அதைப் பொருத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குள் அந்த இணைப்பு எங்கே போகிறது என்று தடத்தை விரலால் தொடர்ந்தேன். நேராக என் புது ஐசிக்குப் போய், அங்கிருந்து, இசைத்தட்டா சிடியா என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சுக்கு வந்தது. நான் மாற்றியது இசைத்தட்டுக்கு மட்டுமான ஃபோனோ பகுதியின் ஐசி. சிடியின் ஒலி அந்தப் பக்கமே போகவில்லை.

ஓபிஏ2134 பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல ஐசிதான், வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம்.

அந்த நண்பர் இன்றைக்கும் எப்போதாவது அந்த வயலினைப் பற்றிப் பேசுவார். அவரிடம் நான் இதைச் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.