டிமாதா பள்ளி கூடைப்பந்தில் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹையாட்ஸ்வில் என்ற ஊரில் இருக்கும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி இது. திரித்துவ சபைத் துறவிகள் 1946-இல் தொடங்கினார்கள். பெயர் பரவியதற்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு ஆட்டம் என்பேன்.

1965 ஜனவரியில் நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளியோடு மோதினார்கள். அதுவும் கத்தோலிக்கப் பள்ளிதான். 71 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணி. காரணம், ஏழடி உயர லூ அல்சிண்டர்; பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரில் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். அவர் கை நீட்டினால் பந்து எப்படிக் கூடைக்குப் போகும்? டிமாதாவின் பயிற்சியாளர் மார்கன் வூட்டன் எளிய வழி ஒன்று வைத்திருந்தார். பயிற்சியின்போது டென்னிஸ் மட்டையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, அதற்கு மேலே பந்தை எறியப் பழக்கினார். 46-43 என்று டிமாதா வென்றது. அல்சிண்டர் எடுத்தது 16 புள்ளிகள்தான்.

வூட்டன் அப்புறமும் அங்கேயே இருந்தார். 1956 முதல் 2002 வரை 1,274 வெற்றி, 192 தோல்வி. கல்லூரி அணிகளுக்கே போகாமல் பள்ளிப் பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு 2000-இல் நைஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம் கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்து, மல்யுத்தம் ஆகியவற்றிலும் பள்ளிக்கு நல்ல பெயர் உண்டு.