அது செங்கங்காரு அல்ல, மூக்கைப் பாருங்கள்

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஹால்ஸ் கேப் ஊர்ப் புல்வெளியில் நீங்கள் படமெடுத்த கங்காரு தவிட்டு நிறமாக இருப்பதால் அது செங்கங்காரு என்று நண்பர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். நிறத்தை நம்பாதீர்கள். செங்கங்காருவிலேயே பெண்கள் பல நேரம் நீலச்சாம்பலாக இருக்கும்.

படத்தைப் பெரிதாக்கி மூக்கைப் பாருங்கள். நாசித்துளைகளுக்கு நடுவே மென்மயிர் மூடியிருந்தால் சாம்பல் கங்காரு. செங்கங்காருவுக்கு அந்த இடம் பெரும்பாலும் வெறும் தோல்தான். வாயோரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டையும் இருக்கும். உங்கள் படத்தில் மயிர் தெளிவாகத் தெரிகிறது.

அடுத்து, சாம்பல் கங்காருவில் கிழக்கத்தியதா மேற்கத்தியதா? ஹால்ஸ் கேப் இருக்கும் கிராம்பியன்ஸ் மலைப்பகுதியில் இரண்டு சாம்பல் இனங்களும் உண்டு, அதனால்தான் குழப்பம். மேற்கத்தியது சற்றுப் பழுப்பு, முகம் கருத்திருக்கும். ஆணிடம் வாடை தூக்கலாக வீசும். உங்கள் படத்திலிருப்பது அதுவென்றே நினைக்கிறேன்.

கடைசிப் படத்தில் பையிலிருந்து எட்டிப்பார்க்கும் குட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறக்கும்போது ஒரு கிராம்கூட இராது, அவரை விதையளவுதான். கண் திறக்காமலே தாயின் மயிரைப் பற்றி ஏறிப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்ளும். கிழக்குச் சாம்பல் குட்டி பையை முழுதாக விட ஏறக்குறைய 11 மாதம் ஆகும்.

மறுபடி போனால் கங்காருவுக்கு ரொட்டி போடவே போடாதீர்கள். மென்மையான தீனியால் தாடை புண்ணாகி வீங்கும். அப்புறம் புல்லையே மெல்ல முடியாமல் போய்விடும்.